டிக்கியில் தாகமெடுத்த புடவை

உதடும் பட்டும் ஒரே ஜாதி என்று நம்பியிருந்தேன். காற்று காய்ந்தால் உதடு வெடிக்கும், பட்டும் வெடிக்கும். ஆரணியில் பிறந்து, பட்டுக்கடைக் கல்லாவிலேயே தலைமுடி கொட்டியவன் இப்படி நம்பியதுதான் விசேஷம்.

என் மனைவி வசந்தாவின் தம்பி சேகர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறான். அவன் மகளுக்கு நியூ மெக்ஸிகோவில் கல்யாணம். முகூர்த்தப் புடவை மட்டும் ஆரணியிலிருந்துதான் வரவேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நானே நின்று நெய்ய வைத்தது. பெண்ணும் அவள் அம்மாவும் முன்னாலேயே விமானத்தில் போய்விட, லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கிய நானும் வசந்தாவும், சேகரோடு மூன்று பேராகப் புடவையை டிக்கியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்பினோம்.

ஆரணியிலிருந்து பக்கத்து ஊர் களம்பூர் போவதற்குள் நாலு டீக்கடை பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வழியில் வந்த அரிசோனா ரோடு பிடிபடவில்லை. செம்மண், பாறை, போலீஸிடம் மாட்டியதுபோல் கை தூக்கி நிற்கும் கள்ளிகள். மத்தியானத்துக்குள் என் உதடு வெடித்து ரத்தம் வந்தது. உடனே டிக்கி ஞாபகமும் வந்தது.

எங்கள் ஊரில் கத்திரி வெயிலில் தறிக்குக் கீழே தண்ணீர் தெளிப்பார்கள், ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுவார்கள். இல்லாவிட்டால் நீளவாக்கில் ஓடும் பாவு இழை பட்பட்டென்று அறும். ஆரணி வெயிலுக்கே அந்தக் கதி என்றால் இங்கே? மணமேடையில் பெண் உட்காருகிறாள், புடவை அப்பளம் மாதிரி... (மேற்கொண்டு யோசிக்கவில்லை. சேகர் என்னை அடிக்க வரும் காட்சியோடு நிறுத்திக்கொண்டேன்.)

வண்டி நின்ற இடத்தில் மற்ற இருவரும் பாத்ரூம் போனதும், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் என் காசித்துண்டை நனைத்துப் புடவையைச் சுற்றினேன். அடுத்த நிறுத்தத்தில் தொட்டுப் பார்த்தால் துண்டு காய்ந்து கிடந்தது. இன்னொரு பாட்டில். அப்புறம் இன்னொன்று.

"இன்னா மாமா, டிக்கியத் தொறந்து தொறந்து மூடிகினு இருக்கீங்க?"

"காத்து போவட்டும்னுடா."

கடைசி நிறுத்தம் தாண்டியதும் சேகர் தண்ணீர் கேட்டான். இல்லை. அடுத்த ஊருக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

"அத்தினியும் நீங்களே குடிச்சிட்டீங்களா?"

"ஒரே தாகம்டா."

முன்சீட்டிலிருந்து வசந்தா திரும்பினாள். "அவ்ளோ தண்ணி குடிச்சவரு ஒரு எடத்துல கூட பாத்ரூம் போவலியே?" (தறிக்காரர் வீட்டுப் பெண். இழை விட்ட இடத்தில் நேராகக் கை வைப்பாள்.)

வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தார்கள். காசித்துண்டின் சிவப்பு முழுக்க மாம்பழ மஞ்சளில் இறங்கியிருந்தது. முந்தானையில் ஏதோ கொலை நடந்த மாதிரி இருந்தது.

நான் பாவு இழையைப் பற்றி விளக்கினேன். வசந்தா கடைசிவரை கேட்டாள்.

"அது தறியில வெறப்பா இழுத்துக் கட்டியிருக்கறதால அறுந்துபூடும். மடிச்சு வெச்ச பொடவைக்கு இன்னாங்க தாகம்?"

சேகர் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்திருக்கும்.

இப்போதும் கத்திரி தொடங்கினால் அமெரிக்காவிலிருந்து சேகரின் போன் வரும். "மாமா, பீரோவுக்குத் தண்ணி காட்டினீங்களா?" ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வசந்தா சொம்பைத் தேடுவாள்.

கல்யாணத்தில் பெண் கட்டியது, வசந்தா தனக்கென்று எடுத்து வந்திருந்த பட்டுப்புடவை. அதுவும் அதே டிக்கியில், அதே வெயிலில், சும்மா ஒரு பெட்டிக்குள் வந்ததுதான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.