பாசித் தேய்ப்பானுக்கு வந்த ஆர்டர்கள்

பின்னட்டையில் என்ன போடுவது என்று ஆசிரியருக்கும் பக்கம் கட்டுகிற பெண்ணுக்கும் காலையிலிருந்து பேச்சு நடந்துகொண்டிருந்தது. போன மாதம் அங்கே ஒரு தங்கமீன் படம் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின மாதமும் அதே தங்கமீன்தான். முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“இந்தத் தடவை தலைகீழா போட்டுடலாமா சார்?” என்று அவள் கேட்டாள்.

“தலைகீழா மிதந்தா அது செத்த மீன்மா. படிக்கிறவங்க அழுதுடுவாங்க.”

‘கண்ணாடிக் குளம்’ வீட்டில் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்களுக்கான மாத இதழ். ஒரு காலத்தில் அறுபத்து நான்கு பக்கம் வந்தது. அதில் பாதி விளம்பரம்: காற்று மோட்டார், வடிகட்டி, கலர் கூழாங்கல், மீன் நுழைந்து வர பிளாஸ்டிக் கோட்டை. பிறகு கடைக்காரர்கள் எல்லோரும் போனிலேயே கடை விரித்துவிட்டார்கள். இதழ் முப்பத்திரண்டாகி, பதினாறாகி, ஒரே ஒரு பின் அடித்தால் போதும் என்கிற அளவுக்கு இளைத்துவிட்டது. அச்சகக்காரர் அதைக் கையில் வாங்கி, இது இணைப்பு சரி, புத்தகம் எங்கே என்று கேட்பார்.

கட்டுரை குறைந்ததைப் பற்றி வாசகர்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. விளம்பரத்தைக் காணோமே என்றுதான் எழுதினார்கள். ஒருவர் பழைய இதழைப் பார்த்து, மூடிவிட்ட கடைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். பத்தொன்பது வருஷமாக ஆசிரியர் ராத்தூக்கம் கெட்டு எழுதிய கட்டுரைகளை ஜனங்கள் விளம்பரத்துக்கு நடுவே வருகிற இடைஞ்சலாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அது அவரை உண்மையாகவே வருத்தியது.

பின்னட்டை இன்னும் ஒரு மாதம் விளம்பரம் இல்லாமல் வந்தால் இதழை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஆசிரியருக்கு மீனைப் பற்றி எழுதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. நீச்சல்கூடத் தெரியாது.

அன்று மத்தியானத் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே பின்னட்டை விளம்பரத்துக்கு முழுப் பணமும், கையால் எழுதிய நாலு வரியும் இருந்தன. ‘பளிங்கு பாசித் தேய்ப்பான். கை நனையாமல் தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யலாம். தபாலில் மட்டும்.’ கீழே விலையும் ஒரு வீட்டு முகவரியும். போன் எண் இல்லை.

ஆசிரியர் அந்தக் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். ஆனால் சாயங்காலத்துக்குள் கவலை வந்துவிட்டது. கடைசியாக ஓடிப்போன கூழாங்கல் வியாபாரி, உங்கள் பத்திரிகையைப் பார்த்து ஒரு ஈ காக்காகூட வரவில்லை என்றுதான் ஓடிப்போனார். இவரும் அப்படிப் போய்விட்டால்? இதழ் வெளிவந்த மறுநாளே ஆசிரியர் தன் கைப்பணத்தில், மனைவியின் அண்ணன் பெயரிலும் முகவரியிலும், ஒரு தேய்ப்பானுக்கு ஆர்டர் அனுப்பினார்.

அடுத்த மாத விளம்பரத்தில் விலை இரண்டு மடங்காகியிருந்தது.

ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு தேய்ப்பான் விற்றதற்கு விலையை ஏற்றுவானேன்? வியாபாரம் சூடுபிடித்ததாக விளம்பரக்காரர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அந்தச் சூடு ஆறிவிடக்கூடாது என்று ஆசிரியர் மூன்று ஆர்டர்கள் அனுப்பினார். சித்தப்பா, சகலை, மாடி வீட்டுக்காரர் பெயர்களில்.

அதற்கடுத்த மாதம், ‘ஒருவருக்கு ஒன்று மட்டும். கிடைக்கத் தாமதமாகும்’ என்று விளம்பரம் வந்தது. பதிலுக்கு ஏழு ஆர்டர்கள் போயின. சொந்தக்காரர்கள் தீர்ந்துபோய், கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டி முகவரி தேட வேண்டியிருந்தது.

நான்காவது மாதம் வந்த வாசகத்தைப் பக்கம் கட்டுகிற பெண் இரண்டு முறை படித்துவிட்டு அவரிடம் கொண்டுவந்தாள். ‘பளிங்கு பாசித் தேய்ப்பான். யோசித்து வாங்கவும். பழைய பனியன் துணியே போதும்.’

“ஏதோ தப்பா அனுப்பிட்டாரா சார்?”

ஆசிரியருக்கும் அப்படித்தான் தோன்றியது. கடிதம் எழுதிக் கேட்டார். அப்படியே போடவும், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம், இத்துடன் அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் அனுப்பியிருக்கிறேன் என்று பதில் வந்தது. மனுஷன் வாங்காதே என்று சொல்வதற்குக் காசு கொடுக்கிறான். இதுதான் இந்தக் காலத்து விளம்பர உத்தி போலும் என்று ஆசிரியர் முடிவுக்கு வந்தார். புரியாத எதையும் அவர் இந்தக் காலத்து உத்தி என்றுதான் முடிவு செய்வார்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. மனைவி ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரியது.

“எங்கண்ணன் வீட்ல மீனே கிடையாது. அவருக்கு எதுக்கு இந்தக் குச்சி?”

“எந்தக் குச்சி?”

“சித்தப்பாவுக்கும் வந்திருக்கு. உங்க சகலைக்கும் வந்திருக்கு. அட்டைப்பெட்டியில உங்க பத்திரிகை விளம்பரத்தை வெட்டி ஒட்டியிருக்கு. நான் எதையும் கேக்கல. நீங்களா சொல்லுங்க.”

அவர் சொன்னார். விளம்பரக்காரர் போனால் இதழ் போகும், இதழ் போனால் சம்பளம் போகும் என்று வரிசையாகச் சொன்னார். மனைவி நிதானமாகக் கேட்டாள். சம்பளம் போகாமல் இருக்க, சம்பளத்தைக் கொடுத்துக் குச்சி வாங்குகிறீர்கள், அப்படித்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாள். அவர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். சொல்லிப் பார்த்தபோது அவருக்கே அது பிடிபடவில்லை.

இதற்கிடையே மச்சான் போன் செய்தார். யார் அனுப்பினது என்று தெரியவில்லை, ஆனால் முதுகு தேய்க்க இதைப் போல ஒன்று உலகத்திலேயே இல்லை, ஆபீஸ் சிநேகிதர்கள் ஆளுக்கொன்று கேட்கிறார்கள், பெட்டியில் இருந்த முகவரிக்குத் தானே பன்னிரண்டு ஆர்டர் எழுதிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். ஆசிரியருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு விற்பனையை அவர் இதழ் கண்டதில்லை, அது முதுகுக்காக இருந்தால்தான் என்ன?

ஆறாவது மாத விளம்பரம் ஒரே வரி: ‘பளிங்கு பாசித் தேய்ப்பான். இனி ஆர்டர் அனுப்ப வேண்டாம்.’

கூடவே அடுத்த ஒரு வருஷத்துக்கான விளம்பரப் பணம்.

ஆசிரியர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்க மாட்டாராம், ஆனால் விளம்பரம் வேண்டுமாம். யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்றுதான் தோன்றியது: சில்லறை ஆர்டர்களால் மனிதர் வெறுத்துப்போய்விட்டார், பெரிதாக ஒன்று வந்தால் தெம்பாகிவிடுவார். பக்கம் கட்டுகிற பெண்ணைக் கூப்பிட்டு, இல்லாத ஒரு மீன்காட்சியகத்துக்குக் கடிதத்தாள் தயாரிக்கச் சொன்னார். அவள் மேலே பழைய தங்கமீனையே போட்டாள். நூறு தேய்ப்பான் வேண்டும், மிக அவசரம், பதிலை ‘கண்ணாடிக் குளம்’ ஆசிரியர் வழியாக அனுப்பவும் என்று கடிதம் போயிற்று.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. கையெழுத்து வேறாக இருந்தது. ‘தயவுசெய்து ஒரு தடவை நேரில் வரவும்.’

விளம்பரத்தை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஆசிரியர் முடிவு செய்துவிட்டார். இருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பெரிய கம்பெனி இருக்கும் என்று நினைத்த இடத்தில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன வீடு இருந்தது. கதவைத் திறந்த பெண்ணின் விரல்களில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அவள் தேய்ப்பான்காரரின் மருமகள். ஆசிரியரைக் கூடத்தில் உட்கார வைக்க நாற்காலி தேடினாள். எல்லா நாற்காலியிலும் மரக்கைப்பிடி காய்ந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் வெட்டிய பஞ்சு மலை மாதிரி கிடந்தது. மூலையில் ஒரு மீன்தொட்டி. அதன் கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்து, உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மாமா உள்ளே படுத்திருக்கிறார், தோள்பட்டை பிடித்துக்கொண்டது, டாக்டர் கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாள் மருமகள். அந்த மீன்காட்சியகத்துக்காரர்களிடம் ஆசிரியர்தான் எப்படியாவது எடுத்துச் சொல்லி, நூறையும் வேண்டாம் என்று சொல்ல வைக்க வேண்டுமாம்.

ஆசிரியர் மேஜையில் இருந்த பஞ்சு மலையைப் பார்த்தார். கண்டிப்பாகச் சொல்கிறேன், அவர்கள் நல்ல மனிதர்கள், கேட்பார்கள் என்றார். ஆனால் ஆறு மாதமாக மண்டையைக் குடைந்த கேள்வியை அவரால் அடக்க முடியவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. விக்க இஷ்டமில்லன்னா எதுக்கு மாசாமாசம் விளம்பரம்? அதுவும் வர்ற பணத்தையெல்லாம் போட்டு?”

மருமகள் உள்ளறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மாமாவுக்கு உங்க பத்திரிகைன்னா உயிரு, விளம்பரம் இல்லாம அது நின்னுடுமோன்னு பயந்து சும்மா ஒரு பேரைக் கற்பனை பண்ணித்தான் சார் முதல்ல அனுப்பினாரு, யாரோ ஒரு புண்ணியவான் ஆர்டர் போட்டப்புறம்தான், தேய்ப்பான் எப்படிச் செய்யறதுன்னே கத்துக்கிட்டாரு.”