சொன்ன பேச்சு கேட்கும் பட்டம்

பட்டம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

கதவை விட அது அகலம். மாதக்கணக்கில் அந்தப் பின்னறைக்குள் உட்கார்ந்து வெட்டி, தைத்து, ஒட்டியபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் தோன்றாமலே போய்விட்டது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டின் கதவு எத்தனை அகலம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சொந்த வீட்டுக் கதவை இதுவரை அளந்ததில்லை.

"குச்சியைக் கழட்டிட்டு வெளியில போய் மாட்டிக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"மூட்டுல எல்லாம் பசை போட்டு இறுக்கிட்டேன்."

"ஏன்?"

"உறுதியா இருக்கட்டும்னு."

"உறுதியாத்தான் இருக்கு. வீட்டை விட்டே போக மாட்டேங்குது."

கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மச்சான்தான். மனைவியின் தம்பி. கையில் அளவு டேப்பை வைத்துச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தான். வாடகை வீட்டில் அவன் வளர்க்கும் வண்ண மீன்களின் தொட்டி ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டி, வீட்டுக்காரர் மீன்களை மட்டும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்காவின் பின்னறை மேல் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு கண்.

மனைவி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தாள். "இன்னிக்கு சாயங்காலம் அந்தப் பட்டம் பறந்துச்சுன்னா ரூம் உங்களுக்கு. பறக்கலைன்னா மீனுக்கு. காலேஜ்ல வாங்காத பட்டத்தை இங்க உக்காந்து தச்சு வாங்கப் போறீங்களாக்கும்!"

ஆகவே மெக்கானிக்குக்கு அது வெறும் பட்டமில்லை. வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த நாலு சுவர்.

பட்டத்தைக் குறுக்காகச் சாய்த்தார்கள். ஒரு முனை வெளியே போனது, மறுமுனை மின்விசிறியைத் தொட்டது. தலைகீழாகத் திருப்பினார்கள். தாழ்ப்பாளில் நூல்கள் மாட்டின. "விடு, நான் பாத்துக்கறேன்" என்று மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் நாலு நூலையும் அவிழ்த்து, பட்டத்தை வெளியே இழுத்து, திரும்பக் கட்டியும் விட்டான்.

"எந்த நூல் எங்க இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு குத்துமதிப்பாக் கட்டிட்டேன் மாமா."

மெக்கானிக் குனிந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலு நூல் பட்டத்தில் குத்துமதிப்பு ஆகாது. சாதாரணப் பட்டத்துக்கு ஒரே நூல், அது காற்று போன பக்கம் போகும். இதற்குக் கைக்கு இரண்டு நூல், ஒவ்வொரு கைப்பிடியிலும் மேலே ஒன்று கீழே ஒன்று. இடது கையை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். மேல் நூலைத் தளர்த்திக் கீழ் நூலை இழுத்தால் பின்பக்கமாகவே இறங்கி வரும். ஆகாயத்தில் நில் என்றால் நிற்கும். பொத்தானை அழுத்தினால் சொன்ன மாடியில் நிற்கும் லிஃப்டோடு காலம் தள்ளியவருக்கு இந்தப் பட்டம் பிடித்துப் போனதே அதற்காகத்தான். வீட்டில் வேறு எதுவும் அப்படி அவர் சொன்னதைக் கேட்டதில்லை.

விளையாட்டு மைதானம் காலியாகத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் பார்வையாளர்களுக்கான சிமெண்டுப் படிக்கட்டு. எதிர்ப்பக்கம் சுவர், சுவருக்கு வெளியே அடர்த்தியான மரங்கள். காற்று முதுகில் அடிக்க வேண்டும் என்பதால் மூவரும் படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நூலைப் பிரித்துக்கொண்டே வந்து, மெக்கானிக் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தார். நேர் எதிரே மாலைச் சூரியன் கண்ணைக் குத்தியது.

"இழுக்கப் போறேன்."

"இழுங்க" என்றாள் மனைவி. அந்த ஒரு சொல்லிலேயே நம்பிக்கை இல்லாதது தெரிந்தது.

அவர் இழுத்தார். அதே நேரம் பின்னாலிருந்து ஒரு காற்று மைதானத்துப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து மூவர் மேலும் கொட்டியது. கண்ணை மூடி, இருமி, முகத்தைத் துடைத்து மூவரும் நிமிர்ந்தபோது, மரங்களுக்கு மேலே சூரியனுக்கு எதிராகக் கன்னங்கரேலென்று ஒரு பட்டம் சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தது.

"ஏறிடுச்சு!" என்று கத்தினார் மெக்கானிக்.

கையில் நூல் விறைப்பாக இருந்தது. மச்சான் அளவு டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"சும்மா நிக்கிறது பெரிசா?" என்றாள் மனைவி. "திரும்பும்னு சொன்னீங்களே."

மெக்கானிக் இடது கையை இழுத்தார். பட்டம் அசையவில்லை. என்ன இது என்று அவர் யோசிக்கத் தொடங்கிய பிறகு, நிதானமாக, இடப்பக்கம் திரும்பியது. வலது கையை இழுத்தார். மறுபடி கொஞ்சம் யோசித்துவிட்டு வலப்பக்கம் போனது.

"லேட்டாக் கேக்குதே" என்றான் மச்சான்.

"உன் முடிச்சு! இதுவே லிஃப்டா இருந்தா இந்நேரம் மாடி மாடியாப் புகார் வந்திருக்கும்."

தாமதத்தைச் சரிசெய்ய அவர் பலமாக இழுத்தார். பட்டம் பலமாகவே திரும்பி, ஒரு வட்டம் போட்டு, தலைகுப்புற இறங்கியது. பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கினார். தரையைத் தொடப் போன பட்டம் விருட்டென்று மேலே போனது. அவர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தார். பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ விசாரிப்பது போல நின்றது.

"இப்ப என்ன பண்ணினீங்க?" என்றாள் மனைவி.

"வேர்வையைத் துடைச்சேன்."

"அதுக்கு ஏன் அது சாயுது?"

அது அவருக்கும் தெரியவில்லை. காதைச் சொறிந்து பார்த்தார். பட்டம் துள்ளியது. எதிர்பாராமல் ஒரு தும்மல் வந்தது. பட்டம் ஆகாயத்தில் பாதி தூரம் எகிறிக் குதித்துவிட்டு நின்றது.

"மாமா, இன்னொரு தடவை தும்முங்க" என்றான் மச்சான்.

"நீ பேசாம இரு. எல்லாம் உன்னாலதான். இடது நூலையும் வலது நூலையும் மாத்திக் கட்டியிருக்கே."

"மாத்திக் கட்டியிருந்தா இடதுக்கு வலதுல்ல போகணும்? சரியாத்தானே போகுது?"

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததே மெக்கானிக்குக்கு எரிச்சலாக இருந்தது. சோதித்தே பார்த்துவிடுவது என்று, கைப்பிடிகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக் கை மாற்றிப் பிடித்தார். இப்போது இடது கையில் வலது நூல். இடது கையை இழுத்தார்.

பட்டம் இடப்பக்கம் போனது.

திரும்ப மாற்றிப் பிடித்து இடது கையை இழுத்தார்.

பட்டம் இடப்பக்கம் போனது.

மெக்கானிக்குக்குத் தலை கிறுகிறுத்தது. மேலே போகும் பொத்தானின் கம்பியைக் கீழே போகும் பொத்தானில் கொடுத்தால் லிஃப்ட் கீழேதான் போக வேண்டும். அதை நம்பித்தான் அவர் இத்தனை வருஷம் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கினார். கம்பியை எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் போவேன் என்றால் அவர் கற்ற தொழிலுக்கு என்ன அர்த்தம்?

"கொண்டாங்க இப்படி" என்று மனைவி கைப்பிடிகளை வாங்கிக்கொண்டாள். "எப்படி இழுக்கணும்?"

"முதல்ல வலது. இப்படி" என்று வெறும் கையால் காற்றில் இழுத்துக் காட்டினார்.

அவள் அவசரத்தில் இடது கையை இழுத்தாள். பட்டம் வலப்பக்கம் போனது.

"வலதுன்னா வலதும்மா! நீ இழுத்தது இடது."

"ஆனா அது வலதுக்குத்தானே போச்சு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, இப்ப நான் வலது இழுக்கிறேன்" என்றாள் மனைவி. "நீங்க என்ன காட்டுவீங்க?"

"இடது" என்று மெக்கானிக் வெறும் இடது கையை மெல்ல இழுத்தார்.

பட்டம் சற்றே யோசித்தது. பிறகு இடப்பக்கம் திரும்பி, அழகாக ஒரு வளைவு போட்டது.

மனைவி கைப்பிடிகளை நெருப்பைத் தொட்டது போல உதறினாள். அவை தரையில் விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டுப் புல்லில் கிடந்தன. பட்டம் போன இடத்திலேயே நின்றது.

"ஏங்க..." என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நூலை விட்டுட்டேன்."

"தெரியுது."

"அது விழல."

"அதுவும் தெரியுது."

மெக்கானிக் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். அசையப் பயமாக இருந்தது. தப்பாக ஒரு விரலை நீட்டி, ஆகாயத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? வாழ்நாளில் ஒரு பொருள் அவர் பேச்சைக் கேட்டு நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மைதான். இந்த அளவுக்குக் கேட்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மச்சான்தான் கிசுகிசுத்தான். "மாமா, வலது கையை மட்டும் லேசாத் தூக்குங்க. ரொம்ப லேசா."

தூக்கினார். தூரத்தில், சூரியனுக்கு எதிரே, அந்தக் கறுப்பு உருவம் ஒரு சிறகை மட்டும் லேசாகத் தூக்கியது.

"ஐயோ, இறக்குங்க, இறக்குங்க!"

இறக்கினார். பட்டமும் இறக்கியது.

மனைவி அவரை விட்டு ஓரடி தள்ளி நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. குக்கர் கைப்பிடியைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவர் என்று அவள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வைத்திருந்த மனிதர் இவர்.

"ரூம் உங்களுக்கே" என்றாள்.

"எனக்கு வேணவே வேணாம் மாமா" என்றான் மச்சான் அவசரமாக. "மீனை நான் வித்துடறேன். நீங்க அந்த ரூம்ல என்ன வேணா பண்ணுங்க. என்னைப் பாத்து மட்டும் கையைக் கிய்யை ஆட்டிடாதீங்க."

மெக்கானிக்குக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பசையிலா? துணியிலா? மச்சானின் முடிச்சிலா? எங்கே என்ன நடந்தது? நாளைக்கு வேலைக்குப் போய் ஒரு லிஃப்டின் முன்னால் நின்று கையைத் தூக்கினால் என்ன ஆகும்? ஆள் உள்ளே இருந்தால்? பட்டத்தை முதலில் பத்திரமாக இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது போல மெல்ல, மிக மெல்லத் தாழ்த்தினார். பட்டமும் மெல்ல, மிக மெல்ல இறங்கிச் சுவருக்கு இந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்தது.

மச்சான் கையைக் கட்டிக்கொண்டான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து பலமாகக் கைதட்டும் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். சிமெண்டுப் படிக்கட்டின் மேல்படியில், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த ஒரு பஸ் கண்டக்டர் அம்மா நின்றுகொண்டிருந்தாள். தோளில் தோல்பை. காலடியில் இரண்டு கைப்பிடிகள். அவற்றிலிருந்து நாலு மெல்லிய நூல்கள் அவர்கள் தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தன.

"ரொம்ப தேங்க்ஸ் சார், இன்னிக்குத்தான் முதல் தடவையா விடறேன், அந்தப் புழுதிக் காத்துல என்னோடது உங்க தலைக்கு மேல ஏறிடுச்சு, அப்புறம் உங்க கையைப் பாத்துப் பாத்து அப்படியே செஞ்சேன்" என்றாள் அவள். "உங்க பட்டம் எடுத்த எடுப்பிலேயே செவத்தைத் தாண்டி மரத்துக்குள்ள போய் மாட்டிக்கிச்சு, அதைக்கூட எடுக்கப் போகாம எனக்காக நின்னு சொல்லிக் குடுத்தீங்களே, யாருக்கு சார் வரும் இந்த மனசு!"