பாதிரியார் எத்தனை முறை பாடினார்?

குருவிப் போட்டியைத் தொடங்கி வைக்கும் கொடி விழ இன்னும் நான்கு நிமிடம் இருந்தபோது, ஒடியேலின் வலது காதுக்குள் ஒளிந்திருந்த கேட்கும் கருவி மூன்று முறை கீச்சிட்டுவிட்டு உயிரை விட்டது.

இடது காது போய் ஆறு வருடம் ஆகிறது. அதனால் கால்வாய்க் கரையில் கூடியிருந்த நாற்பது பேரின் பேச்சும், குருவிகளின் பாட்டும், தேவாலய மணியும் ஒரேயடியாக நின்றுபோயின.

ஒடியேல் பதறவில்லை. பதறினால் முகத்தில் தெரிந்துவிடும். மாற்று பேட்டரி கோட்டுப் பையில்தான் இருந்தது. ஆனால் அதைப் போட வேண்டுமானால் காதை மூடியிருக்கும் கம்பளிக் குல்லாவைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கருவி தெரியும். தெரிந்தால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு சரி.

ஊரில் இளசுகள் சைக்கிள் பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் போவார்கள். அதற்கெல்லாம் காலும் மூச்சும் போதும். குருவிப் போட்டிக்குக் காது வேண்டும். குருவி அடைத்த பச்சைப் பெட்டிகளைக் கரையோரம் இரண்டு எட்டுக்கு ஒன்றாக வைத்து, ஆளுக்கொரு முக்காலி போட்டு, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். குருவி தன் பாட்டை 'சுஸ்கவீட்' என்று முடித்தால், நீளக் கறுப்புக் கம்பில் ஒரு சாக்பீஸ் கோடு. வேறு எப்படி முடித்தாலும், எவ்வளவு இனிமையாக முடித்தாலும், கோடு கிடையாது. தன் குருவியைத் தானே எண்ணவும் கூடாது. மனிதர்களை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு போட்ட விதி வேறில்லை. பக்கத்தில் உட்காருகிறவர் குருவியை இவர் எண்ண வேண்டும், இவர் குருவியை அவர் எண்ணுவார்.

அன்றைக்குச் சீட்டுப் போட்டதில் ஒடியேலுக்குப் பக்கத்தில் விழுந்தவர் சங்கத் தலைவர் கமீல்.

போன வருடம் கிழவர் சில்வேரின் கையிலிருந்து எல்லோர் முன்னாலும் கம்பைப் பிடுங்கியது இந்தக் கமீல்தான். "காது போனவனுக்கு வரிசையில இடமில்ல. போய் டிவி பாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சில்வேர் இப்போது உண்மையாகவே ஞாயிறு முழுக்க டிவி பார்க்கிறார். அதுவும் சத்தமே வைக்காமல் என்று கேள்வி. நெசவாலை மூடிய பிறகு ஒடியேலுக்கென்று மிச்சமிருந்தது இந்த முக்காலி ஒன்றுதான்.

"ஜூன் மாசத்துல கம்பளிக் குல்லாவா?" என்றார் கமீல். ஒடியேல் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். இரைகிற தறிகளுக்கு நடுவே முப்பத்தைந்து வருடம் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர் அவர். கமீல் அதே கூடத்தில் மேஸ்திரி.

"சளி."

"ஜாக்கிரதை. சளி காதை அடைச்சிரும்."

கமீல் இப்படிச் சொல்லிவிட்டு ஒடியேலின் வாயையே உற்றுப் பார்த்தார். எவர் பேசினாலும் அவர் இப்படித்தான் பார்ப்பார். மேஸ்திரிப் பார்வை என்று ஆலையில் பெயர். அவரும் தம் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருந்தார். தலைவர் தொப்பியை யார் கேட்பது?

ஒடியேல் தும்முவதுபோல் குனிந்தார். ஒரு கையால் குல்லாவை லேசாகத் தூக்கிக்கொண்டு, மறுகையால் பையிலிருந்த பேட்டரியை எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அது விரல் நழுவிப் புல்லுக்குள் விழுந்தது.

முக்காலியை விட்டு இறங்கித் தடவினார். உருண்டையாக ஒன்று அகப்பட்டது. நிம்மதியோடு தூக்கிப் பார்த்தால், நேற்று அந்தக் கரையில் மேய்ந்த ஆடுகள் விட்டுப்போனது.

கமீலின் நிழல் மேலே விழுந்தது. "என்ன தேடற?"

"சாக்பீஸ்."

"உன் கையிலதான் இருக்கு."

"இன்னொண்ணு. ஒண்ணு உடைஞ்சா வேணுமில்ல."

கமீல் தம் பையிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்தா. எண்றவன் கையில ரெண்டு இருக்கணும். நல்ல பழக்கம்." இப்போது ஒடியேலிடம் இரண்டு சாக்பீஸ் இருந்தது, காது இல்லை. சிவப்புக் கொடி இறங்கியது.

கமீலின் குருவிக்கு ஜெனரல் என்று பெயர். முந்தைய வாரம் நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாடியிருந்தது. அதாவது நிமிடத்துக்கு ஆறு தடவை. ஒடியேல் ஜெனரலின் பெட்டியைக் கண் கொட்டாமல் பார்த்தார். முன்பக்கத்தில் கம்பி வலை போட்ட சின்னச் சாளரம், உள்ளே இருட்டு. தொண்டை அசைவதாவது தெரியுமா என்றால் குருவியே தெரியவில்லை.

ஒரு நிமிடம் கோடே போடாமல் போய்விட்டது. முதுகில் வேர்வை இறங்கியது. அப்போதுதான் கமீலின் தலை லேசாக ஆடியதைக் கவனித்தார்.

ஆடாதா பின்னே? தன் குருவி பாடினால் எவனுக்கும் தலை தானாக ஆடும். ஒடியேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலை ஆடியது, ஒரு கோடு. மறுபடி ஆடியது, மறுபடி ஒரு கோடு. அவர் கோடு போட்ட கையோடு கமீலும் தம் கம்பில் ஒன்று போட்டார். ஒடியேலின் குருவியும் நன்றாகத்தான் பாடுகிறது போலும். அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்ததே, ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பதால்தான்.

கால் மணி நேரம் இப்படி நிம்மதியாகப் போனது. பிறகு ஒரு குளவி வந்தது.

அது கமீலின் மூக்கைச் சுற்றியது. கமீல் தலையை உதறினார், ஒதுக்கினார், மறுபடி உதறினார். ஒடியேல் மூச்சு விடாமல் கோடு கிழித்துத் தள்ளினார். இருபத்திரண்டு கோடு போட்ட பிறகுதான் குளவி அவர் பக்கம் வந்தது, விஷயமும் புரிந்தது.

ஒரு நிமிடத்தில் இருபத்திரண்டு. எந்த ஜெனரலும் அப்படிப் பாடியதில்லை. ஒடியேல் கட்டை விரலை எச்சிலில் நனைத்து, கடைசிப் பத்துக் கோடுகளை மெதுவாகத் தேய்த்தார். நிமிர்ந்தால் எதிரே லீவன். தபால்காரன், வரிசையை மேற்பார்வை பார்க்கிறவன். அவன் எரிச்சல் உதட்டிலேயே தெரிந்தது.

"கோட்டை அழிக்கறீங்களா, ஒடியேல்?"

"இல்லப்பா. கை வேர்த்துப்போச்சு, தானா அழிஞ்சிருச்சு."

"அப்படின்னா திரும்பப் போடுங்க. எத்தனை அழிஞ்சது?"

"ஒரு பத்து... பன்னெண்டு இருக்கும்."

லீவன் பக்கத்திலேயே நின்று பன்னிரண்டு கோடுகளையும் போட வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

இப்போது கணக்கு இன்னும் மோசமாகிவிட்டது. இந்த வேகத்தில் போனால் ஜெனரல் ஊர்ச் சாதனையை முறியடித்துவிடும். சாதனை என்றால் விசாரணை வரும், காதுப் பரிசோதனையும் வரும். கொஞ்சம் ஆறப் போடுவோம் என்று ஒடியேல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம் போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தார். கமீலும் கோடு போடவில்லை. ஒடியேலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டார். ஜெனரல் அங்கே தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கும், இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்றுதான் பார்க்கிறார். ஒடியேல் அவசரமாக ஒரு கோடு போட்டார். கமீலும் ஒன்று போட்டார். ஒடியேல் இரண்டு போட்டார். கமீலும் இரண்டு. ஆனாலும் அந்தப் பார்வை மட்டும் நகரவில்லை. மீதி நேரம் முழுக்க தலையாட்டலை நம்பாமல், மனதுக்குள் பத்து வரை எண்ணி எண்ணிக் கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டையும் மேஸ்திரிப் பார்வை கூடவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கொடி மறுபடி இறங்கியபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. லீவன் கம்புகளை வாங்கி எண்ணினான். ஒடியேல் பீர்க் கடை வாசலில் ஒரு கண்ணாடித் தம்ளரை வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிவு எழுதிய பலகையைச் சுவரில் மாட்டினார்கள். இரண்டாவது இடம்: ஜெனரல், முந்நூற்று எண்பத்தொன்று. முதல் இடம்: பாதிரியார், முந்நூற்று எண்பத்தாறு.

ஒடியேல் இரண்டு தடவை படித்தார். ஆட்கள் முதுகில் தட்டினார்கள். பதினேழு வருடத்தில் முதல் வெற்றி.

லீவன் மட்டும் தலையைச் சொறிந்தான். "தலைவரே, உங்க ரெண்டு கம்புலயும் அஞ்சு கோடுதானே வித்தியாசம்? இடைவெளி கூட ஒரே மாதிரி இருக்கு."

கமீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "அதுல என்ன சந்தேகம்? நானே எண்ணினேன். இந்த ரெண்டு காதால கேட்டேன். பாதிரியார் பாடினது ஒவ்வொண்ணும் மணி அடிச்ச மாதிரி. சொந்தக் குருவி தோத்தாலும் பரவாயில்லன்னு கோடு போட்டேன். நேர்மைன்னா அதுதான்யா."

ஒடியேலால் தாங்க முடியவில்லை. இந்த மனிதர் தம் குருவி தோற்றாலும் சரியென்று ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாமோ குளவிக்கெல்லாம் கோடு போட்டிருக்கிறோம். ஜெனரல் நிஜத்தில் நானூறு பாடியிருந்தால்? டிவி பார்க்க நேர்ந்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கமீலின் முன்னால் போய்க் குல்லாவைக் கழற்றினார்.

"கமீல், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் காது..."

கமீலின் கண் அந்தக் காதுக் கருவியில் போய் நின்றது. அவர் முகம் ஏன் வெளுத்தது என்று ஒடியேலுக்கு விளங்கவில்லை.

அதே நேரத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒடியேலின் மனைவி கோடலீவ் மூச்சிரைக்கச் சைக்கிளை நிறுத்தினாள். முன்கூடையில் துணி மூடிய ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. வீட்டில் அவரிடம் பேசுகிற அதே குரலில், கால்வாயின் அக்கரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பழைய பெட்டி ஈரமா இருக்கு, பாதிரியாரை இதுக்கு மாத்திட்டேன்னு காலையில மாடியிலேர்ந்து எவ்வளவு கத்தினேன், நீ பாட்டுக்குக் கையை ஆட்டிட்டு காலிப் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டியே!"