ரிவர்ஸ் இல்லாத பட்டாளத்து லாரி

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை,
9-7-1983.

மதிப்பிற்குரிய மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, ஓய்வு பெற்ற ஹவில்தார் ஆதிமூலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், லாரி முக்கால் சௌக்கியம். கீழ்பென்னாத்தூரில் தாங்களும், தங்கள் வீட்டாரும், மல்லாட்டைப் பயிரும், தங்கள் வீட்டில் இருபத்து மூன்று நாட்களாகத் தங்கியிருக்கும் என் மனைவி உண்ணாமலையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுடைய கோபமும் நலமாகத்தான் இருக்கும். அதைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை.

கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. தங்கள் தங்கை இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். நடந்ததையெல்லாம் அவள் தன் பாணியில் தங்களிடம் சொல்லியிருப்பாள். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவது பட்டாளத்தில்கூடக் கிடையாது என்பதால் என் தரப்பையும் கேளுங்கள்.

மெட்ராஸில் பட்டாளத்துக் கழிவு வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். போன இடத்தில், வெள்ளைக்காரன் காலத்து லாரி ஒன்று டயர் இல்லாமல், கண்ணாடி இல்லாமல், நாலு செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. அதே ஜாதி லாரியைத்தான் நான் பதினோரு வருஷம் ஓட்டினேன். அதை அப்படிப் பார்த்துவிட்டு பஸ் ஏறி வர மனசு வரவில்லை, ஏலம் எடுத்துவிட்டேன், இதில் என்ன குற்றம்? வேறொரு லாரிக்குப் பின்னால் கட்டி ஊர் வரைக்கும் இழுத்து வந்து, வீட்டு வாசலில் இரண்டு ஜோடி மாடு பூட்டி உள்ளே இழுத்தோம். கேட்டின் ஒரு தூண் விழுந்தது உண்மை. விழுந்ததால்தான் லாரி நுழைய இடம் கிடைத்தது என்பதை உண்ணாமலை யோசித்துப் பார்க்க மறுக்கிறாள். அப்புறம் இன்ஜினை இறக்கினோம். இறக்கினால் ஆயில் வடியத்தானே செய்யும்? வடிகிற ஆயிலைப் பிடிக்க வீட்டில் பெரிய பாத்திரம் எது இருக்கிறது? தாங்கள் அவளுக்குச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா இருந்தது. இட்லிச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி போல்ட்டு நட்டுகளை ஊறப் போட்டதும் இப்படி நல்லெண்ணத்தில் நடந்ததுதான். அன்றைக்குப் பலகாரம் வேண்டாம், பழைய சோறே போதும் என்று நானே பெருந்தன்மையாகச் சொன்னேன். அதற்குமா ஒரு மனுஷி கோபப்படுவாள்?

ஆனால் அவள் பெட்டியைக் கட்டியது அண்டாவுக்காக இல்லை, மச்சான். அதை மறைத்து எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு நான் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு அவள் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

"இன்னாங்க, எழுபத்தொண்ணு சண்டையில நீங்க உசிரோட திரும்பி வந்தா, ரெண்டு பேருமா மூணு சுத்து மலையைச் சுத்தி வரோம்னு அண்ணாமலையாருக்கு வேண்டிக்கினேன். பன்னெண்டு வருஷமாச்சு. எனக்காக ஒரு சுத்து வர முடியாத மனுஷன், இந்தத் துருப்புடிச்சதுக்கு ராவும் பகலும் மண்ணுல பொரள்றீங்க. இனிமே நீங்களே வரேன்னாலும் என் முட்டி நடக்க விடாது. நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன்" என்று சொன்னாள். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, "போறப்ப அந்த பதினாறாம் நம்பரை எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். சரியான நம்பரைத்தான் கொடுத்தாள்.

மலை சுற்றும் விஷயத்தில் என் நிலை தங்களுக்குத் தெரியும். தங்கள் புதுவீட்டுப் புண்ணியாசனத்தன்று, நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியில், "பதினெட்டு வருஷம் லெஃப்ட் ரைட் போட்டாச்சு, இனிமே எவன் சொன்னாலும் எந்த மலையையும் சுத்த மாட்டேன், சுத்தினா மீசையை எடுத்துடுறேன்" என்று நான் சொன்னேன். தாங்கள் பாயசத்தைக் குடித்துக்கொண்டே, "பாக்கலாம் மச்சான்" என்றீர்கள். அந்தச் சொல்லிலிருந்து நான் ஓர் அங்குலமும் நகரவில்லை. இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

அவள் போன மூன்றாம் நாள் இன்ஜின் உயிர் பெற்றது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் வேணுதான் உதவி. ஹேண்டில் போட்டுச் சுற்றினோம், ஒரு புகை வந்தது பாருங்கள், எதிர்வீட்டுக் கன்னியம்மாளின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மறுநாள்தான் கிடைத்தது. நம் வீட்டு கேட்டிலிருந்து வலது பக்கம் திரும்ப வழியில்லை, எதிரே புளியமரம். ஆகவே இடது பக்கம் திருப்பி, ஒரு ஃபர்லாங் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவது என்பதுதான் திட்டம். ஃபர்லாங்கும் ஆயிற்று. திருப்பலாம் என்று ரிவர்ஸ் கியரைப் போட்டேன். கியர் விழுந்தது, சத்தமும் வந்தது, லாரி மட்டும் நகரவில்லை. அவ்வளவு நீள லாரியைப் பின்னால் எடுக்காமல் அந்த ரோட்டில் திருப்ப முடியுமா?

"அவுல்தார் சார், பின்னாடி போவ மாட்டேங்குது" என்றான் வேணு.

"அப்ப எப்படிடா ஊட்டுக்குப் போறது?"

"இன்னா சார் இதுக்குப் போயி. முன்னாடியே போனா ஊடு வந்துடப் போவுது. மலையைச் சுத்திக்கினு."

போனேன், மச்சான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள். பதினாலு கிலோமீட்டர், நாலே முக்கால் மணி நேரம். எமலிங்கத்தில் ரேடியேட்டர் கொதித்தது, இறங்கித் தண்ணீர் பிடித்தேன். நிருதிலிங்கத்தில் ஃபேன் பெல்ட் கழன்றது. வருணலிங்கத்தில் மறுபடி ரேடியேட்டர். எட்டு லிங்கத்தில் ஒன்றைக்கூட அந்த லாரி விடவில்லை, ஒவ்வொன்றிலும் நின்று, நான் இறங்கிக் குனிந்து பானட்டைத் திறந்து, பிறகுதான் கிளம்பியது. ஆதி அண்ணாமலையில் இன்ஜின் அடியோடு படுத்துவிட்டது. நடந்து சுற்றிக்கொண்டிருந்த ஜனங்கள் இருபது பேர் கூடி, "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஒரு தள்ளுத் தள்ளினார்கள், பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து அங்கிருந்த குருக்கள் ஓடி வந்து பானட்டில் விபூதிப் பட்டை போட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் நெற்றியிலும் இழுத்துவிட்டார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறவன் எப்படித் தடுப்பான்?

அன்று முதல் ட்ரையல் பார்க்க வெளியே எடுத்தால், வீடு திரும்ப ஒரே வழி அதுதான் என்றாகிவிட்டது. இதுவரை பதினோரு ட்ரையல். கவனியுங்கள், ட்ரையல். கன்னியம்மாள் தங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தபோது, லாரி பின்னால் போகாத கதையையும் சொல்லி, நான் பக்திமானாகிவிட்டேன் என்றும் உண்ணாமலையிடம் சொன்னதாகக் கேள்வி. முதலாவது நிஜம், இரண்டாவது புளுகு. செருப்பில்லாமல் ஓட்டுகிறேன் என்றால் ஆக்ஸிலேட்டர் காலுக்குப் பதமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பௌர்ணமியன்று போனேன் என்றால் ஹெட்லைட் எரியவில்லை என்பதற்காக. வாயில் என்னவோ முணுமுணுத்தேன் என்கிறாளாம். அந்த கார்புரேட்டரை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினால் அவளும்தான் முணுமுணுப்பாள்!

டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு இலவம் பஞ்சு வைத்துத் தைத்ததையும், ஏறுவதற்கு ஒரு படி தாழ்வாகப் பொருத்தியதையும் கன்னியம்மாள் பார்த்து வந்து சொல்லியிருக்கக்கூடும். அது வண்டியின் பேலன்ஸுக்காகச் செய்தது.

எது எப்படியோ, உண்ணாமலை இனிக் கவலைப்பட வேண்டாம். லாரியைத் தொலைத்துவிட முடிவு செய்துவிட்டேன். ரைஸ் மில் வைத்திருக்கும் அப்பாசாமி வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார். வாசலைக் கழுவியாயிற்று. அண்டாவைப் புளி போட்டு மூன்று தரம் தேய்த்தேன், முகம் தெரிகிறது, வாடை மட்டும் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவளை பஸ் ஏற்றி அனுப்பி வையுங்கள். ஆனால் வேண்டுதல் விஷயத்தில் என் முடிவில் மாற்றமில்லை என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பட்டாளத்துக்காரன் பின்வாங்குவதில்லை.

வீட்டில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிறேன், மச்சான். தினமும் இதே தப்பைச் செய்கிறேன். இருபத்து மூன்று நாளும் நன்றாக இல்லை. இதை அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் கும்பிடும், குழந்தைகளுக்கு ஆசியும், மல்லாட்டைக்கு ஒரு நல்ல மழையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் தவறாத,
ஆதிமூலம்,
ஹவில்தார் (ஓய்வு).

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். இது தங்களுக்கு மட்டும். அவளை பஸ் ஏற்ற வேண்டாம். மேலே வியாழக்கிழமை என்று எழுதியது அவளுக்காக. அப்பாசாமி நேற்றே வந்தார், லாரி விற்பனைக்கில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் நானே லாரியில் வந்து அவளை அழைத்துக்கொள்கிறேன். முட்டி மடக்காமல் ஏறலாம், படி தாழ்வு. திருவண்ணாமலை வந்து செங்கம் ரோட்டில் திரும்பினதும் நம் வீட்டு கேட்டைக் கவனிக்காமல் தாண்டிவிடுவேன். தாண்டிவிட்டால் பின்னால் எடுக்க முடியாதே, மலையைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். மூன்று தடவை தாண்டுவதாக உத்தேசம். வேணு ரிவர்ஸ் கியரைச் சரி செய்து இன்றோடு பத்து நாளாகிறது, அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். வரும்போது என் முகத்தில் மீசை இல்லாததைப் பார்த்துத் தாங்கள் சிரிக்கவும் கூடாது.