பேசாத விண்மீனைப் பழுதுபார்த்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மகளும் நலம் என்றே தெரிகிறது. கேட்டு எழுதலாம் என்றால் நாலு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் வானொலித் தொலைநோக்கியில் அவள் ஆராய்ச்சி செய்கிறாள், நான் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். அவள் ஒரு துடிவிண்மீனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள். செத்துப்போன விண்மீனின் கரு அது; சுற்றச் சுற்ற அதன் வானொலிக் கதிர் கலங்கரை விளக்கம் மாதிரி நம் பக்கம் வந்து வந்து போகும், ஸ்பீக்கரில் டக் டக் என்று கேட்கும். இது மட்டும் சில நாள் துடிக்கும், பிறகு வாரக்கணக்கில் வாயே திறக்காது. அதைச் சுற்றிப் பாயும் மின்துகள்களின் ஓட்டம் அறுந்துபோகிறதாம்; அது ஏன் அறுகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாதாம். மறுபடி அது வாய் திறக்கும் கணத்தைப் பிடிக்கத்தான் இவள் தவம் கிடந்தாள். எனக்கோ விண்மீன் மேல் அல்ல, அதன் அலைகளை வாங்கும் ரிசீவர் மேல்தான் சந்தேகம். அவள் சாப்பிடப் போன நேரத்தில், மனைவிக்கு ஓர் உதவி செய்வோமே என்று அதைக் கழற்றி, மேசையில் பரப்பி, துடைத்து மாட்டினேன். மாட்டியதும் டக் டக். "சரி பண்ணிட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எதை, நட்சத்திரத்தையா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. ரிசீவர் மேசையில் கிடந்த நேரம் பார்த்து விண்மீன் தானாகவே வாய் திறந்திருக்கிறது; அவள் தவம் கிடந்த கணம் தவறிப்போனது.

வாய் மூடினாலும் விண்மீன் சுற்றுவதை நிறுத்தாது. ஆனால் பேசாத நாட்களில் அதன் வேகம் மளமளவென்று குறைந்துவிடுமாம். உங்கள் மகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அத்தை. வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் எனக்குத் துணை. உடனே கிளம்பி வந்து அவளிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி தீர வேண்டிக்கொள்ளும்,
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கடிதம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. "எல்லாம் தலைகீழா எழுதியிருக்கீங்க. பேசறப்பதான் அதோட வேகம் சீக்கிரம் குறையும். அந்தத் துகள் ஓட்டம்தான் சக்தியை உறிஞ்சுது. பேசாம இருந்தா கொஞ்சமாத்தான் குறையும். அம்மாவுக்குப் போய் இப்படியா எழுதறது?" என்று ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. ஆகவே நீங்கள் வர வேண்டாம். விண்மீன் இன்று காலை மறுபடி வாயை மூடிக்கொண்டது. ரிசீவர் அறைச் சாவி இனி அவளிடம்தான். "நாலு நாள் பேசாம எனக்கு நல்ல ரெஸ்ட்டு. நீங்கதான் இளைச்சுட்டீங்க" என்கிறாள்.