தீர்த்தம் பட்டு நுரைத்த சட்டை

ஈஸ்டர் பூசையில் ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். எல்லார் மேலும் பட்டது. என் சட்டை மட்டும் நுரைத்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. தோளில் ஆரம்பித்துப் பாக்கெட் வரைக்கும் பொங்கி நின்றது. ஃபாதர் ஒரு நொடி நின்று பார்த்தார். என்ன நினைத்தாரோ, இன்னொரு தடவை தெளித்துவிட்டுப் போனார். வெளியே வந்ததும், "அமல்தாஸ், பாவசங்கீர்த்தனம் பண்ணி எத்தனை நாளாச்சு?" என்றார். ஹெட்மாஸ்டருக்கு நான் சோப்பு போடுகிறேன் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. அன்று அதற்கு ஆதாரமும் கிடைத்தது. பொம்மிடி ஊரே சிரித்தது. கூடவே என் மனைவி கேத்தரினும் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரணம் வாஷிங் மெஷின். ஒரு மாதமாகத் துணியில் சோப்பு அப்படியே நிற்கிறது. காய்ந்த பேன்ட்டில் கோலம் போட்ட மாதிரி வெள்ளைக் கோடு.

வீட்டுக்கு வந்ததும் கேத்தரின், மொரப்பூரிலிருந்து தன் தம்பியை வரச் சொல்லட்டுமா என்றாள். என் மச்சினன் மெஷின் மெக்கானிக். வந்தால் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடுவான். பிறகு பத்து வருடம் அதைச் சொல்லிக் காட்டுவான். கல்யாணத்தன்று என் பைக் பெட்ரோல் இல்லாமல் நின்றதையே இன்னும் விடவில்லை. நானோ எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன். இது மானப் பிரச்சினை.

"இந்த வூட்டு மெஷினை நான் பாத்துக்கறேன். உன் தம்பி வேணாம்."

"சரிங்க. ஆனா சரியாவற வரைக்கும் துணியெல்லாம் நீங்கதான் போடணும். நடுவுல நான் கைய வெச்சா உங்க ஆராய்ச்சி கெட்டுடும்."

"அதான் நியாயம்."

"பாதியில விட்டீங்கன்னா தம்பி வருவான். அப்புறம், சோப்புத் தூளு டப்பாவுல இருக்கற பச்சைக் கரண்டில ஒண்ணுங்க. கொறைச்சா அழுக்கு போவாது."

குறைப்பேனா? ஒரு சோதனையில் அளவை மாற்றக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு நான் நடத்தும் முதல் பாடம். அதனால் சோப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றினேன்.

திங்கட்கிழமை ஃபில்டரைக் கழற்றினேன். மூன்று பட்டன், ஒரு ஊக்கு, அப்புறம் யாரோ திருடிவிட்டதாக ஜனவரியில் ஒரு வகுப்பையே நான் நிற்க வைத்த என் பேனா மூடி. சோப்பு போகவில்லை. செவ்வாய்க்கிழமை, போர் தண்ணீரின் உப்புதான் குற்றவாளி என்று முடிவு கட்டி, இரண்டு கேன் குடிதண்ணீரை மெஷினுக்குள் கவிழ்த்தேன். அன்று மெஷின் கேன் தண்ணீர் குடித்தது, நாங்கள் போர் தண்ணீர் குடித்தோம். புதன்கிழமை, மெஷின் சாய்ந்து நிற்கிறதென்று ஒரு காலுக்கு அடியில் அரையாண்டு விடைத்தாள் கட்டைக் கொடுத்தேன். அது ஆடி ஆடி நடந்து வாசல் பக்கம் வந்துவிட்டது. மொரப்பூருக்கு பஸ் ஏறப் போகிறது போல என்றாள் கேத்தரின்.

இதற்கு நடுவில் தினமும் துணியைப் பிரித்துப் போட்டு, மாடியில் காய வைத்து, மடித்தும் வைத்தேன். எனக்கே நுரை தள்ளியது.

சனிக்கிழமை பச்சைக் கரண்டியைக் காணோம். கேத்தரின் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்கேதான் இருக்கும் என்றாள். தூளைக் கிளறினேன். அடியில் ஒரு குட்டிக் கரண்டி புதைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் அதில் ஒன்று போட்டேன்.

வெளியே வந்த சட்டையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். நுரையே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் குளியலறையிலேயே ஒரு குத்து ஆட்டம் போட்டேன்.

மறுநாள் பூசையில் ஃபாதர் என் வரிசைக்கு வந்ததும் ஒரு ஆசையோடு கூடுதலாகவே தெளித்தார். சட்டை நனைந்தது, அவ்வளவுதான். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"ஏங்க, இத்தினி வருசமா நானுந்தான் தொவைக்கறேன், இந்த வெளுப்பு வந்ததே இல்லீங்க" என்றாள் கேத்தரின். "உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? இனிமே நான் தொட்டா பாழாப் போயிடும்."

உருகிப் போனேன். இனி மெஷின் என் பொறுப்பு என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை மாடியில் நான் கேத்தரினின் புடவையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வெங்கடாசலம் படியேறி வந்தார். அவர் பேன்ட்டெல்லாம் வெள்ளைக் கோடு.

"சார், எங்க வூட்டு மெஷினும் சோப்பை விட மாட்டேங்குது. சரியாவற வரைக்கும் நானே தொவைக்கறேன்னு அன்பரசிகிட்ட வீராப்பா சொல்லிட்டேன். நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

மனைவியிடம் அப்படியா சொன்னீர்கள் என்று சிரித்துக்கொண்டே, சோப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"இதுல ஒண்ணு சார்."

அவர் கையில் பச்சைக் கரண்டி.

"இது ஏது உங்களுக்கு?"

"உங்க வூட்டம்மாதான் சனிக்கெழம அன்பரசிகிட்ட குடுத்தாங்களாம். ஒரு வாரத்துல திருப்பித் தரணுமாம். அடுத்து ராஜமேரி வூட்டுக்குப் போவுதாம்."

கீழே எட்டிப் பார்த்தேன். கேத்தரின் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "அவருக்கும் நல்லா சொல்லிக் குடுங்க. உங்கள மாதிரி வருமா?" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் துணிக்குச் சின்னக் கரண்டியால் நான் சோப்பு போடுகிறேன். எனக்குப் பெரிய கரண்டியால் அவள் போடுகிறாள்.