பன்னெண்டு கெட்டிமேளமும் ரெண்டு ஆம்ப்ளிஃபயரும்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. ரெண்டு பவர் ஆம்ப்ளிஃபயர்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்.

கள்ளக்குறிச்சி கடைக்காரர் தங்கமான மனுஷன். ரெண்டையும் உங்க ஊரு கச்சிராயபாளையத்துக்கே எடுத்துட்டுப் போங்க, ஒரு நாள் கேட்டுட்டுப் பிடிக்காததைத் திருப்பிக் கொண்டாங்கன்னுட்டார். ஒரே பாட்டை, ஒரே சத்தத்துல, மாத்தி மாத்திக் கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும்னும் சொல்லி அனுப்பினார்.

நமக்குத்தான் பெரிய காதாச்சே! சினிமாப் பாட்டெல்லாம் சோதனைக்கு ஆகாது, தவில்தான் சரின்னு நானே முடிவு பண்ணினேன். மங்கள இசைப் பதிவு ஒண்ணு கைவசம் இருந்தது. அதுல கெட்டிமேளத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். சுவர்ல பட்டு எதிரொலிக்குதேன்னு ஜன்னலையெல்லாம் தொறந்து வெச்சேன்.

முதல் பெட்டியில ஆறு தடவை. ரெண்டாவதுல ஆறு தடவை. முதல் பெட்டி கணீர்னு இருந்தது. ரெண்டாவதுல ஒவ்வொரு அடியும் வயித்துல இறங்குச்சு. நோட்டுல மார்க் எல்லாம் போட்டுக்கிட்டிருந்தேன்.

அன்னிக்கு முகூர்த்த நாள். எனக்கு மட்டும்தான் தெரியல.

எதிர்வீட்டு அத்தை பட்டுப்புடவை கட்டி, தட்டுல வெத்தலை, பாக்கு, பழத்தோட வாசல்ல வந்து நின்னாங்க.

"சொல்லலன்னா இன்னாப்பா, பாப்பாவுக்குக் காது குத்தறீங்க, வராம இருப்பனா?"

அவங்களுக்குப் பின்னாடி இன்னும் நாலு பேர்.

என் பொண்ணுக்கு ரெண்டு வயசு, இன்னும் காது குத்தல. அதை நான் விளக்கறதுக்குள்ள அத்தை இன்னொரு குண்டு போட்டாங்க. தாய்மாமனைக் காணோமேன்னு அவர் ஊரு களமருதூருக்கே போன் போட்டு விசாரிச்சுட்டாங்களாம்.

என் பொண்டாட்டி முகம் வெளிறிப்போச்சு. தாய்மாமன்னா அவளோட அண்ணன். எங்க கிரகப்பிரவேசப் பத்திரிகையில பேர் விட்டுப்போச்சுன்னு ரெண்டு வருஷம் வாசப்படி மிதிக்காதவர். போன மாசம்தான் சமாதானம் ஆச்சு. நிஜமாவே பயந்துட்டேன். என்னால இவளுக்குப் பொறந்த வீடு மறுபடியும் இல்லாமப் போனா, அப்புறம் இவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?

பதினோரு மணிக்கு மச்சான் பைக்ல வந்து இறங்கினார். என்னைப் பார்க்கவே இல்ல. பாப்பாவைத் தூக்கி, வெளிச்சத்துல ரெண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்ல.

"அப்ப யாருக்கு மாப்ள பன்னெண்டு தடவ கெட்டிமேளம் கொட்டிக்கினு இருந்த?"

அத்தை எண்ணியே சொல்லியிருக்காங்க!

ரெண்டு பெட்டியையும் காட்டினேன். உக்கார வெச்சு, ரெண்டுலயும் போட்டும் காட்டினேன். கண்ணை மூடி முழுசாக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாரிதான் கீது."

அப்புறம் தீர்ப்பு சொன்னார். அடுத்த முகூர்த்தத்துலயே அவர் மடியில வெச்சுக் காது குத்தணும். அதுவரைக்கும் இந்த வீட்டுல மேளச்சத்தமே கேக்கக் கூடாது. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி "சரிண்ணா"ன்னுட்டா.

சாயங்காலமே ரெண்டு பெட்டியையும் கடையில திருப்பி வெச்சேன். எதுல சத்தம் நல்லா இருந்துச்சுன்னு கடைக்காரர் ஆசையாக் கேட்டார்.

"ரெண்டுமே களமருதூர் வரைக்கும் கேட்டுச்சுங்க"ன்னேன்.